முகமூடி இல்லாமல் அரைப்பவர்

நகக்கண்ணில் இருந்த சிவப்பு மட்டும் போகவே மாட்டேன் என்றது. எண்ணெய் நனைத்த பஞ்சால் அவள் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். முதலில் எண்ணெய், அப்புறம் சோப்பு, கடைசியில்தான் தண்ணீர். மிளகாய் பட்ட கையை வேறு எப்படிக் கழுவினாலும் எரிச்சல் கூடுமே தவிரக் குறையாது. உயிரோடு இருக்கிற கைக்குத்தான் அந்தக் கவலையெல்லாம். இந்தக் கை இனி எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன! ஆனாலும் விட மனம் வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, புருஷனின் வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல் விரலாகத் தேய்த்தாள். பாசம் பாதி, கோபம் பாதி. உள்ளதைச் சொன்னால் கோபம்தான் முக்கால்வாசி.

"மெதுவாம்மா," என்றாள் மகள். "அப்பாவுக்கு வலிக்கும்."

சொல்லிவிட்டு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வலிச்சா சொல்லியிருப்பாரா உங்கப்பா? வாயத் தொறந்து ஒரு நாளாவது வலிக்குதுன்னு சொன்னாரா?" பஞ்சைத் தட்டில் வீசினாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தட்டைச் சத்தமில்லாமல் எடுத்து அப்பால் வைத்தாள். காலையிலிருந்து அவள்தான் கூட இருக்கிறாள். ஆறுதல் என்ற பெயரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காகவே அவளைக் கும்பிடலாம்.

முன் கூடத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். நாற்காலி இழுபடும் சத்தம், தொண்டையைச் செருமும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே மூத்தவரின் குரல். அவள் புருஷனுக்குக் கூடப்பிறந்தவர் அந்த அண்ணன் ஒருவர்தான். ஊருக்கு அவர் நெருப்பண்ணன். சந்தையில் மேடை போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, உலகத்திலேயே காரமான மிளகாய் என்று சொல்லி அதைப் பச்சையாகக் கடித்துக் காட்டி வாங்கிய பெயர் அது.

"ஒரு நாள் மாஸ்க் போட்டிருப்பானா என் தம்பி? ஒரே ஒரு நாள்? ம்ஹூம்! வெறும் மூக்கோட நின்னு அரைச்சான் சார். சிங்கம்! அந்த மாதிரி ஒருத்தன் இனிமே பொறந்துதான் வரணும்."

"பெரிய ஆளுதான்," என்றது ஒரு குரல். "கொடுத்து வைக்கல, என்ன பண்றது," என்றது இன்னொன்று.

உள்ளே இருந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதனால் செத்தாரோ அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் மனுஷர்! கேட்கிறவர்களும் தலையை ஆட்டுகிறார்கள், நன்றாக இருக்கிறது நியாயம்!

அந்த மிளகாயைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. தோல் சுருங்கி, அடியில் தேள் கொடுக்கு மாதிரி ஒரு வால். பெரிய பானைச் சமையலுக்கு ஒரு பழத்தில் கால்வாசி போதும். மிச்சத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் ஒளித்து வைக்க வேண்டும். பறிக்கிறவர்களுக்கு இரண்டு ஜோடிக் கையுறை. ஒன்று போதாது, சாறு ஊறி உள்ளே வந்துவிடும். போட்ட கையுறையோடு மூக்கைச் சொறிந்தால் அன்றைய பொழுது அழுகையிலேயே போகும். பாத்ரூம் போகிற விஷயத்தைச் சொல்லவே வேண்டாம். புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு தடவை குதித்திருக்கிறார்கள், இரண்டாம் தடவை குதித்தவர் யாருமில்லை.

இவ்வளவும் பழமாக இருக்கும் வரைக்கும்தான். காய வைத்து மெஷினில் போட்டு அரைக்கும்போது அது வேறு பிறவி எடுக்கிறது. தூள் காற்றில் ஏறிவிட்டால் மூக்கு என்ன, தொண்டை என்ன, நெஞ்சுக்கூட்டின் அடி வரைக்கும் போய்க் கொள்ளி வைத்துவிட்டுத்தான் திரும்பும். வீட்டுக்குப் பின்னால் மிளகாய் வளர்க்கும் கண்ணாடிக் கூடம், அதை ஒட்டிக் காய வைக்கும் அறை, அதற்கும் அடுத்ததாக அரவை அறை. அந்த அரவை அறையில்தான் அவள் புருஷன் தன் காலத்தைக் கழித்தார்.

அறைக்கு ஒரு ஜன்னல். காற்றுக்கு வைத்த ஜன்னல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். திறக்க முடியாதபடி கண்ணாடி பதித்து, வெளியிலிருந்து பார்ப்பதற்கென்று வைத்தது. மேலே ஒரு போர்டு: 'முகமூடி இல்லாமல் அரைப்பவர். இங்கே பாருங்கள்.' எல்லாம் மூத்தவரின் மூளை. மிளகாய்த்தூள் வாங்க வருகிறவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வாயைப் பிளப்பார்கள், போனில் படம் எடுப்பார்கள். அந்தப் பக்கம் நிற்கிறவர் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, ஆனாலும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவார். மிருகக்காட்சி சாலையில் குரங்குக்காவது ஓய்வு நேரம் உண்டு.

கல்யாணமான புதிதில் அவள் ஒரு மாஸ்க் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த நல்ல மாஸ்க். அதைப் போட்டுக்கொண்டு அரைக்கப் போனவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார் மூத்தவர். "மிளகாய்க்காரனே மூக்க மூடிக்கிட்டா வாங்கறவன் என்னப்பா நெனப்பான்? போர்டு வேற வெச்சிருக்கோம்." அவ்வளவுதான். கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார் அவள் புருஷன்.

"உங்களுக்குன்னு ஒரு புத்தி கெடையாதா?" என்று அன்றைக்குச் சண்டை போட்டாள்.

"அண்ணன் சொல்லிட்டார்ல," என்றார்.

காற்றை இழுத்து வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று வைக்கலாம் என்றாள். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார், தூள் வீணாகுமாம். இருமல் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் அந்த ரூமுக்குள்ள போறீங்களா?" என்று கேட்டார். அவள் புருஷன் அண்ணனைப் பார்த்தார். "அதெல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சு டாக்டர்," என்றார் அண்ணன், வெண்ணெய் மாதிரி. அவள் வாயைத் திறப்பதற்குள் புருஷன் அவள் கையை அழுத்தினார். அவர் அழுத்தியதையும் தான் அடங்கிப் போனதையும் நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கும். மறுநாளே அவர் மறுபடி கண்ணாடிக்குப் பின்னால் நின்றார். ஊரெல்லாம் அவரை நல்ல மனுஷன் என்றது. யாருக்கும் எதிர்வார்த்தை சொல்லாதவனை வேறு எப்படிச் சொல்லும்? முந்தாநாள் அரைத்துக்கொண்டிருந்தவர் மெஷின்மேலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் நேற்று மூச்சு நின்றது.

கதவு தள்ளப்பட்டது. மூத்தவர் உள்ளே வந்தார். பின்னாலேயே அவர் மனைவி. மூத்தவருக்கு நல்ல வெள்ளைச் சட்டை, வாரிவிட்ட தலை. கட்டிலருகே ஒரு நிமிஷம் தலை குனிந்து நின்றார். அழுத்தமாக ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு மகளின் தலையில் கையை வைத்தார்.

"இனிமே நீதாம்மா," என்றார். "உங்கப்பன் நின்ன எடம் காலியா இருக்கக் கூடாது. அது நம்ம குடும்ப மானம். காரியமெல்லாம் முடியட்டும், நீ வந்து நில்லு. நீ பாக்கற நாத்து வேலையெல்லாம் வேற ஆளு பாத்துப்பாங்க. பொண்ணு ஒருத்தி மாஸ்க் இல்லாம அரைக்கறான்னா சும்மாவா? கூட்டம் அள்ளும். உங்கப்பன் ஆத்மா குளிரும்."

மகள் தலையை ஆட்டினாள்.

அதைத்தான் தாயால் தாங்க முடியவில்லை. லேசாக இடது பக்கம் சாய்த்துப் பிறகு கீழே இறக்கும் அதே ஆட்டல். அப்பனை உரித்து வைத்த ஆட்டல். கட்டிலில் படுத்திருப்பவர் எழுந்து வந்து ஆட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மூத்தவர் திருப்தியாகத் திரும்பிக் கூடத்துக்குப் போனார். அவர் மனைவி மட்டும் வாசலில் நின்று மகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"எதுக்குடி தலைய ஆட்டின?"

"பெரியப்பா கேக்கறார்ம்மா," என்றாள் மகள், குரலே எழும்பாமல். "இந்த நேரத்துல எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"எந்த நேரத்துல சொல்லுவ? நெஞ்சு அடைச்ச பிறகா? இந்த மனுஷனப் பாரு. நல்லாப் பாரு. இவருக்கும் சொல்றதுக்கு நேரமே வரல."

"கத்தாதம்மா. வெளிய ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும்!" என்று எழுந்தாள்.

தையல்காரம்மா தடுக்கவில்லை. அவள் மடியிலிருந்து நழுவ இருந்த கையை மட்டும் பிடித்துப் பத்திரமாகப் போர்வைக்குள் வைத்தாள்.

கூடத்தில் பேச்சு நின்றது. செத்தவரின் மனைவி வெளியே வந்தால் அழுதுகொண்டு வர வேண்டும். இவள் கண்ணில் பொட்டு ஈரமில்லாமல், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வந்தவள் மாதிரி நேரே மூத்தவர் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லும்மா."

"முந்தாநாள் அவர் பாதியில விட்ட அரவை இன்னும் மெஷின்ல கெடக்கு. அத முடிக்காம அவர அனுப்ப எனக்கு மனசில்ல. நீங்க போய் அத முடிச்சுக் குடுங்க. அவர் செஞ்ச மாதிரியே, வெறும் மூக்கோட."

மூத்தவர் முகத்தில் சிரிப்பு வந்து பாதி வழியில் நின்றது. "இன்னிக்கா? என்னம்மா பேசற? சாவு வீட்லயா மெஷின ஓட்டறது?"

"தம்பிக்குச் செய்யற மரியாதை. நீங்களே சிங்கம்னு சொன்னீங்க."

"அது சரி. ஆனா நல்ல சட்ட போட்டிருக்கேன்..."

"அவர் போட்டிருந்ததும் நல்ல சட்டதான் மாமா."

யாரோ செருமினார்கள். மூத்தவர் சுற்றிலும் பார்த்தார். யாராவது குறுக்கே விழுந்து, 'விடும்மா, துக்கத்துல பேசற' என்று சொல்லிவிட்டால் போதும், தப்பித்துவிடலாம். அந்த நேரம் பார்த்துத்தான் பேக்கரிக்காரர் எழுந்தார். நெருப்பண்ணன் மேடையில் மிளகாயைக் கடிக்கும்போதெல்லாம் முன்வரிசையில் நின்று விசிலடிக்கிற மனுஷர். மனசில் ஒரு துளி கள்ளம் கிடையாது.

"அண்ணனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா தங்கச்சி? பழத்தையே முழுசா முழுங்கினவரு. தூளுக்கா பயப்படுவாரு? வாங்கண்ணே, நானும் வரேன். தம்பிக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறீங்க!"

முழுசா முழுங்கினவர்! அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. காரம் முழுக்கக் காம்பை ஒட்டிய வெள்ளைச் சதையில் இருக்கிறது. வால் நுனியில் அவ்வளவாக இல்லை. மூத்தவர் கடிப்பது நுனியை. கடித்ததும் மேடை அதிரக் கத்துவார், துள்ளுவார், துள்ளுகிற துள்ளலில் மிச்சம் திரைக்குப் பின்னால் போய் விழும். பொறுக்குவது தம்பியின் வேலை. அதை அவள் புருஷன் ஒருநாள் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் என்று பெருமைதான் அவருக்கு.

"போயிட்டு வாங்கண்ணே," என்றார்கள் இரண்டு மூன்று பேர். "தம்பி மனசு நெறையும்."

மூத்தவர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவர் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பெயர் என்று ஒன்று வாங்கிவிட்டால் அது இழுக்கிற பக்கமெல்லாம் போகத்தானே வேண்டும்!

அரவை அறைக்கு அவரோடு போனவர்கள் மூன்றே பேர். அவள், மகள், பேக்கரிக்காரர். மற்றவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து, உடலை எடுத்துப்போக வரும் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். அறை வாசலில் மூத்தவர் கொஞ்சம் நின்றார். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. தள்ளிப் பார்த்தார், பிறகு இழுத்தார்.

"ஸ்விட்ச் எங்கம்மா இருக்கு?"

"உள்ள போனா வலது கைப்பக்கம்," என்றாள் அவள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை. அவர் விரும்பும்போது வெளியே வரலாம். அவள் புருஷனுக்கும் கதவு அப்படித்தான் திறந்திருந்தது.

மூவரும் ஜன்னலுக்கு வந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூத்தவர் அவர்களைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பேக்கரிக்காரர் கை தட்டப் போய், சாவு வீடு என்ற நினைப்பு வந்து கையைக் கட்டிக்கொண்டார். மெஷின் ஓடத் தொடங்கியது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெஷின் வாயில் கட்டி சிக்கிக்கொண்டு வேறு மாதிரி உறுமியது. இரண்டு நாள் கிடந்து ஈரம் ஏறிய மிளகாய், கட்டி தட்டத்தானே செய்யும். அதைத் தள்ளிவிட ஒரு மரக்குச்சி பக்கத்திலேயே நிற்கிறது. மூத்தவருக்கு அது கண்ணில் படவில்லை. வெறுங்கையை உள்ளே விட்டுக் கட்டியை உதிர்த்தார். அவ்வளவுதான். அடைத்திருந்தது திறந்துகொண்டு, ஒரு சிவந்த புகை எழும்பி அவர் முகத்தை மூடியது.

"ஐயையோ," என்றார் பேக்கரிக்காரர்.

முதல் இருமலில் மூத்தவர் சிரிக்கப் பார்த்தார். இரண்டாம் இருமலில் முதுகு வளைந்தது. பிறகு இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே மூச்சுக்கு இடமே இல்லை. சுவரைத் தடவினார், ஸ்விட்சைத் தேடினார், கிடைக்காமல் அதை விட்டுவிட்டுக் கதவைத் தேடினார். அவள் கண்ணாடியருகே அசையாமல் நின்று பார்த்தாள். இந்த அறைக்குள் தன் புருஷன் ஒரு நாளில் எத்தனை மூச்சு இழுத்திருப்பார் என்று நினைத்தாள். எல்லா மூச்சையும் சிரித்துக்கொண்டே இழுத்திருக்கிறார் பாவி மனுஷன்!

கதவு திறந்து மூத்தவர் வெளியே வந்து விழாத குறையாக நின்றார். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே கையை நீட்டி மெஷினை நிறுத்தினாள், கதவை அடைத்தாள், அவர் முன்னால் போய் நின்றாள்.

"இப்ப சொல்லுங்க மாமா. எம்பொண்ணு இதுக்குள்ள நிக்கணுமா?"

அவரால் பேச முடியவில்லை. இரண்டு கையையும் விரித்து, வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினார். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒழுகிக்கொண்டிருந்தது.

கை ஆட்டலை நம்பலாமா? நாளைக்குத் தொண்டை சரியாகிவிடும், நாக்கும் சரியாகிவிடும். 'அன்னிக்கு நான் அப்படியா சொன்னேன்' என்று வந்து நிற்பார். அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். இதை அவளுக்காக யாரும் சொல்ல முடியாது.

மகளின் தலை இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. சாய்ந்த தலை கீழே இறங்கவில்லை.

"பெரியப்பா," என்றாள். "நான் அந்த ரூமுக்குள்ள போக மாட்டேன். நாளைக்கு வந்து கேட்டாலும் மாட்டேன்தான். இனிமே கேக்காதீங்க."

நல்ல சத்தமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் யாரோ முதுகில் குத்திய மாதிரி ஒரு விம்மல் வந்தது, அதையும் அடக்கிக்கொண்டாள். அந்த வீட்டில் மூத்தவரின் முகத்துக்கு நேராக யாரும் சொன்ன முதல் 'மாட்டேன்' அது. அப்பன் சொல்லியிருக்க வேண்டியது. அவர் வாயில் ஒரே ஒரு நாளாவது வந்திருக்கக் கூடாதா அந்த வார்த்தை என்று தாய்க்கு ஆத்திரமாக வந்தது.

பேக்கரிக்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்து மூத்தவரைத் தாங்கிப் பிடித்தார். கைகளைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார். "அண்ணே, அண்ணே," என்று அவர் கன்னத்தைத் தன் கையாலேயே துடைத்தார். பிறகு தன் நெற்றி வியர்வையைத் துடைத்தார். நெற்றியிலிருந்து கண்.

"அம்மாடி!" என்று அலறினார். அதற்கப்புறம் அவராலும் பேச முடியவில்லை. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி, வீட்டைச் சுற்றி இருவரும் முன்வாசலுக்குப் போனார்கள்.

அங்கே இருந்தவர்களுக்கு என்ன தெரியும்? தம்பியின் கடைசி வேலையை முடித்துவிட்டு வந்த அண்ணன், கண்ணீரும் கம்பலையுமாக நடக்க முடியாமல் வருகிறார். பக்கத்தில் வருகிறவரும் தேம்பித் தேம்பி அழுகிறார். எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

அந்தத் தொழிலில் இருக்கும் வீட்டில் எந்தக் குழந்தைக்கும் நடக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்: கண்ணில் கை வைக்காதே. அவள் மூலை திரும்பி வரும்போது அதுதான் நாக்கு நுனியில் இருந்தது. 'அவர் கையத் தொடாதீங்க, தொட்டா கண்ணுல கை வைக்காதீங்க' என்று கத்தியிருப்பாள். வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அப்போதுதான் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

"என்ன பாசம் பாத்தீங்களா? தம்பிய உள்ளங்கையில வெச்சுத் தாங்கினாரே!"

திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் மூத்தவரைக் கட்டிக்கொண்டார்கள், சிலர் கையைப் பற்றிக்கொண்டார்கள், சிலர் கண்ணைத் துடைத்துவிட்டார்கள். "மனச தேத்திக்குங்க," என்றார்கள். "அழுங்க, அழுதாத்தான் ஆறும்," என்றார்கள். அவர் ஏதோ சொல்லப் பார்த்தார். இருமல்தான் வந்தது. அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பியவர்கள் மரியாதைக்கு ஒரு தரம் தங்கள் கண்ணையும் ஒற்றிக்கொண்டார்கள். சாவு வீட்டில் அதுதானே முறை! ஒற்றியவர் ஒற்றியபடியே நின்றார். பிறகு மூக்கை உறிஞ்சினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் என்னவோ ஏதோ என்று அவர் கையைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் வாசல் முழுக்க ஆண்கள் தேம்பிக்கொண்டிருந்தார்கள். முந்தாநாள் வரைக்கும் கண்ணாடி வழியாகப் படம் எடுத்தவர்கள், வாயைப் பிளந்தவர்கள், வந்ததிலிருந்து நாற்காலியில் சாய்ந்து ஊர்க்கதை பேசியவர்கள், அத்தனை பேரும் அழுதார்கள்.

அவள் நடையில் நின்று பார்த்தாள். அழட்டும் என்று நினைத்தாள். நன்றாக அழட்டும்.

மூத்தவரின் மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள், புருஷனின் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தாள், பிறகு நடையில் நின்றவளைப் பார்த்தாள். அவளும் அந்தத் தொழிலில் வாழ்க்கைப்பட்டவள், அவளுக்குப் புரியாதா? எண்ணெய்ப் புட்டி அலமாரியில்தான் இருந்தது. எடுத்து வரக் கிளம்பினாள். இரண்டு அடி வைத்தவள் என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து பழைய இடத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் வண்டி வந்தது. டிரைவர் நடுத்தர வயது மனுஷர். ஸ்ட்ரெச்சரை இறக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் கூட்டத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

"எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன்மா. ஒருத்தருக்காக இத்தன ஆம்பளைங்க இப்படி அழுது பாத்ததில்ல. ரொம்ப நல்ல மனுஷரா இருந்திருக்கார்."

"ஆமா," என்றாள் அவள். "அதான் போயிட்டார்."

டிரைவர் ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவரும் தையல்காரம்மாவும் சேர்ந்து போர்வையோடு தூக்கி அதில் கிடத்தினார்கள். பட்டையை இறுக்கிவிட்டு டிரைவர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நாலு பேர் வந்து கை குடுங்கய்யா."

யாரும் வரவில்லை. வர முடிந்தவர்கள் யாரும் இல்லை. ஒருவர் குரல் வந்த திசையில் இரண்டடி வைத்து நாற்காலியில் மோதினார். இன்னொருவர் முகத்தைச் சட்டையில் புதைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். மூத்தவர் திண்டாடி எழுந்து, கண்ணைத் திறக்கப் பார்த்து, ஊளை மாதிரி ஒரு சத்தத்தோடு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"ரொம்ப ஒடைஞ்சு போயிட்டாங்க," என்றார் டிரைவர் பரிதாபமாக. "கொஞ்ச நேரம் பாக்கலாமாம்மா?"

"வேண்டாம்," என்றாள் அவள்.

தலைமாட்டில் ஒரு பக்கம் அவள் குனிந்து பிடித்தாள். மறுபக்கம் மகள் வந்தாள். கால்மாட்டில் தையல்காரம்மா ஒரு பிடியைப் பிடித்தாள். நாலாவது பிடிக்கு டிரைவர் கை நீட்டுவதற்குள், வாசற்படியில் நின்ற மூத்தவரின் மனைவி உள்ளே வந்து அதைப் பற்றிக்கொண்டாள். டிரைவர் ஒதுங்கி வழிவிட்டு, வண்டிக் கதவைத் திறக்க முன்னால் ஓடினார்.

நால்வரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கியதில் ஸ்ட்ரெச்சர் தேவைக்கு மேல் எழும்பிவிட்டது, சமாளித்து இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த ஒரு வருஷத்தில் இருமி இருமி அவரிடம் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். கூடத்தைக் கடந்து, படியிறங்கி, அழுகிற ஆண்களுக்கு நடுவே நடந்தார்கள். அவர்கள் காலடி கேட்டு அந்த ஆண்கள் கண்ணை மூடியபடியே விலகி வழிவிட்டார்கள்.

"அம்மா," என்றாள் மகள். "அப்பா கனமே இல்லம்மா."

"பேசாம தூக்கு," என்றாள் அவள்.